கவிழ்ந்த பிக்கப்பின் பிரேக்

செத்த வண்டியை அறுத்து, நொண்டுற வண்டிக்கு மாட்டுறதுதான் நம்ம தொழில். கடலூர்–சிதம்பரம் ரோட்டுல ஆலப்பாக்கம் தாண்டி எட்டு வருசம் கொட்டகை போட்டிருந்தேன். பழைய வண்டியை வச்சுக்கிட்டு, புது பார்ட் வாங்க வக்கில்லாம அலையுற என் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்றேன். சிரிக்கிற மாதிரி ஒண்ணு இருக்கு. மீதி அப்படி இல்ல.

எலுமிச்சம்பழம்

ஆளோட உயிர் போன வண்டி கொட்டகைக்கு வந்தா, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு கற்பூரம் ஏத்தின பிறகுதான் கை வைப்போம். பழம் வாங்கிட்டு வர்றதே எங்க காதர் பாய்தான். கேஸ் கட்டர் பிடிக்கிறவர். "பழம் உங்க சாமிக்கு, பிஸ்மி நான் சொல்லிக்கிறேன்" என்பார். இன்னொரு பழக்கமும் உண்டு. வாங்க வர்றவங்ககிட்ட வண்டியில உயிர் போனதைச் சொல்லவே மாட்டோம். சொன்னா எவன் வாங்குவான்?

பண்ருட்டியிலேர்ந்து ஒரு பலாப்பழ வியாபாரி கதவு வாங்க வந்தார். தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். "அடிபட்ட வண்டியா?" என்று கேட்டார். "சேச்சே, டாக்டர் வீட்டு வண்டிங்க. வெயில்லகூட நிறுத்தமாட்டார்" என்று அளந்துவிட்டேன். மனுசன் குனிஞ்சு டயரைப் பார்த்துட்டு நிமிர்ந்தார்.

"டாக்டர் வீட்டு வண்டிக்கு எலுமிச்சம்பழம் எதுக்குய்யா? ஊறுகா போடவா?"

மச்சானோட முட்டி

என் தங்கச்சி வீட்டுக்காரன் தனசேகர். முதுநகர் ஹார்பர்லேர்ந்து சிதம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் பெட்டி ஏத்துவான். அவனோட பிக்கப் ரொம்பப் பழசு. பூஸ்டர் கிடையாது; பிரேக் போடணும்னா பெடல் மேல ஏறி நிக்காத குறைதான். சாயங்காலம் முட்டி வீங்கிப் போய் வருவான். ரெண்டு தடவை மயிரிழையில தப்பிச்சிருக்கான். அவன் வீடு வந்து சேர்ற வரைக்கும் தங்கச்சிக்குச் சோறு எறங்காது.

அந்த நேரம் பார்த்து சேத்தியாத்தோப்புப் பக்கத்துலேர்ந்து ஒரு பிக்கப் வந்தது. அதே கம்பெனி, புது மாடல். வளைவுல நிக்காம வாய்க்கால்ல பாய்ஞ்சு தலைகீழா கவுந்திருக்கு. டிரைவர் அங்கேயே போயிட்டான். மேல் பக்கம் அப்பளம்; அடிப்பக்கம் புத்தம் புதுசு. முன்னாடி டிஸ்க் பிரேக், பூஸ்டர், எல்லாம் இருந்துச்சு. தனசேகர் அதைச் சுத்திச் சுத்தி வந்தான். செத்தவனை நெனச்சு ஒரு நிமிசம் தலை குனிஞ்சு நின்னான். அப்புறம் சொன்னான்:

"அவன் புண்ணியத்துல நான் பொழைச்சுக்குறேன் மச்சான், பிரேக் மொத்தத்தையும் எனக்கு மாத்திடு."

ஊறிப்போன ரப்பர்

பிரேக் சாமான் எதைக் கழட்டினாலும் முதல் வேலை, பிரிச்சு சுத்தமா கழுவுறது. ரெண்டாவது வேலை, உள்ள இருக்கிற ரப்பரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டுறது. யோசிக்கவே மாட்டோம், கை தானா செய்யும்.

அன்னிக்கும் பெடலுக்கு முன்னாடி இருக்கிற சிலிண்டரைப் பிரிச்சேன். ரப்பர் ஊறி, உப்பி, ஓரமெல்லாம் பிஞ்சு வந்தது. பிரேக் ஆயிலுக்குப் பதிலா எவனோ கைக்குக் கிடைச்ச ஆயிலை ஊத்தியிருக்கான். கவுந்ததுல ரப்பர் பிய்யலாம், உப்பாது. வளைவுக்கு முன்னாடியே பிரேக் செத்துப்போச்சுன்னு பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. வண்டி தலைகீழா கிடந்து ஆயிலெல்லாம் கொட்டிப்போனதால, பிரேக்கைச் சோதிக்க முடியலன்னு வண்டி பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் எழுதிட்டாராம். அதனால இது வேற யாருக்கும் தெரியாது. "ச்ச" என்று சொல்லிட்டு ரப்பரைக் குப்பையில போட்டேன். சிலிண்டரைக் கழுவினேன். பாய் மட்டும் குப்பைக்கூடையையே பார்த்துக்கிட்டு நின்னார்.

"பாவம், அந்தப் புள்ள எத்தனை தடவை காலை வச்சு மிதிச்சானோ."

வடலூர் படம்

அந்தப் பிரேக்கை மாட்டி மச்சான் வண்டி ஓட ஆரம்பிச்சு பத்து நாள் இருக்கும். செத்த டிரைவரோட சம்சாரம் மல்லிகா தேடிக்கிட்டு வந்துச்சு. வண்டியில இருந்த பொருளை எடுத்து வைக்கிறது எங்க வழக்கம். ஒரு துண்டு, டிபன் பாக்ஸ், வள்ளலார் படம். கையில கொடுத்தேன். வாங்கிக்கிட்டு நகரல.

"அவரு தண்ணி போட்டுட்டு ஓட்டுனாருன்னு ஓனரு ஊரு முழுக்கச் சொல்லிட்டாருண்ணே. வடலூர் சபைக்குப் போறவரு, கறியே தொடமாட்டாரு. பள்ளிக்கூடத்துல என் பொண்ணைக் குடிகாரன் மவள்னு சொல்றாங்க. நீங்கதான வண்டியைப் பிரிச்சீங்க. பிரேக்கு நல்லா இருந்துச்சாண்ணே?"

உண்மையைச் சொன்னா வக்கீல் வருவான், போலீஸ் வரும், மச்சான் வண்டியிலேர்ந்து மொத்தத்தையும் கழட்டிக்கிட்டுப் போவாங்க. காட்டுறதுக்கு ரப்பரும் இல்ல. பயந்துட்டேன். வெட்கங்கெட்டுச் சொல்றேன், நான் பயந்துட்டேன். "எல்லாம் சரியாத்தாம்மா இருந்துச்சு" என்றேன். அது படத்தைத் தடவிக்கிட்டே கேட்டுச்சு.

"அப்ப அவுங்க சொல்றதுதான் நெசமாண்ணே."

புவனகிரியில் நின்ன வண்டி

ஒரு வருசம் ஓடிப்போச்சு. ஒருநாள் தனசேகர் வண்டியை நேரா கொட்டகைக்குள்ள விட்டுட்டு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டான். புவனகிரி கடைத்தெருவுல ஒரு பொண்ணு சைக்கிளோட குறுக்க விழுந்துடுச்சாம். முழு லோடு. பழைய பிரேக்கா இருந்தா ஏறி இறங்கியிருக்கும். ஒரு முழம் தள்ளி வண்டி நின்னுடுச்சு. கீழ உக்காந்து அழுதான். எனக்கு அந்தக் குடிகாரன் மவள்தான் ஞாபகம் வந்தா. அதுக்கு மேல மனசுல வச்சிருக்க முடியல. நடந்தது எல்லாத்தையும் அவன்கிட்டக் கொட்டிட்டேன். கையை உதறிட்டு எழுந்துட்டான்.

"இந்த வண்டியைக் கழட்டினா கழட்டிட்டுப் போறானுங்க, நீ முதல்ல வண்டியில ஏறு மச்சான்."

சேத்தியாத்தோப்பு

ரெண்டு பேரும் போனோம். மல்லிகா வாசல்ல முந்திரி உடைச்சுக்கிட்டிருந்துச்சு. நின்னபடியே சொன்னேன். ரப்பர் ஊறிப்போயிருந்தது, பிரேக் பிடிக்கல, உன் வீட்டுக்காரர் மேல தப்பில்ல, கேஸுக்குக் கூப்பிட்டா நான் வந்து சொல்றேன், எல்லாத்தையும். திட்டும்னு நெனச்சேன். மண்ணை வாரித் தூத்தியிருந்தாகூட வாங்கிக்கிட்டு வந்திருப்பேன். அது அந்த ரப்பர் எங்கன்னு கேட்டுச்சு. தூக்கிப் போட்டுட்டேன்னேன். உள்ள திரும்பிப் பார்த்துச்சு. சுவத்துல வள்ளலார் படத்துக்கு வாடாத பூ. பக்கத்துல அந்த மனுசனோட படம் தூசியோட தொங்குது.

"ஊரு சொன்னப்ப நான் நம்பலண்ணே, நீங்க சொன்னப்புறம்தான் நம்புனேன், ஒரு வருசமா அவருக்கு ஒரு முழம் பூ வைக்கல."

அந்த வண்டியில ஒரு ஆணியைக்கூட வீணாக்கலன்னு நான் பெருமை அடிச்சுக்கிட்டிருந்தேன், சாமி, வேண்டிய ஒண்ணே ஒண்ணைத்தான் குப்பையில போட்டிருக்கேன்.