மலைக்கு ரயில் கொண்டுவந்தவர்கள்

எங்கள் மலையில் ரயில் கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் தேயிலைக் காட்டிலிருந்து ரிங்லெட் வழியாக வளைந்து வளைந்து தாப்பாவுக்கு இறங்கி, அதையும் தாண்டி தாப்பா ரோடு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அப்படியிருந்தும் ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு ரயில் கூட்டம் இருந்தது. எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துப் படிப்புதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசும். காகிதத்தின் முன்னால் அவ்வளவு கூச்சமில்லை, அதனால் எழுதுகிறேன்.

கூட்டம் என்றால் நான்கு பேர். தேயிலைத் தொழிற்சாலையில் பாய்லருக்கு விறகு போடுகிற மாமா ஒருவர். அவர் இளவயதில் ரயில் இஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர். தோட்டத்து லோரியை ஓட்டுகிற மாமா ஒருவர். அந்த லோரியில் மூட்டை ஏற்றி இறக்குகிற என் அண்ணன். நான்காவது ஆள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டு அக்கா. அவருடைய அப்பா தண்டவாளத்துக்குக் கல் போட்டுச் சரிபார்க்கிற வேலை செய்தவர்; அக்கா பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஸ்டேஷன் பக்கத்து லயத்தில். கல்யாணம் கட்டி மலைக்கு வந்தவர், ரயில் சத்தம் கேட்காமல் முதல் மாதம் முழுக்கத் தூக்கம் வரவில்லை என்று சொல்வார்.

ஐந்தாவதாக நான் உண்டு. ஆனால் என்னைக் கணக்கில் சேர்க்க முடியாது. நான் அப்போது பதினேழு வயதுப் பெண். மலையில் பிறந்து மலையிலேயே வளர்ந்ததால் ரயிலைக் கண்ணால் பார்த்ததில்லை. பாய்லர் சாம்பலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுக் கொடுப்பது என் வேலை. அப்பா அம்மா இருவரும் காய்ச்சலில் போய்விட்டார்கள். அண்ணனும் நானும்தான் வீட்டில். அண்ணன் எங்கே உட்காருகிறாரோ அவருக்குப் பின்னால் நானும் உட்கார்ந்துகொள்வேன்.

வெள்ளைக்காரத் துரைமார்கள் போய்விட்ட காலம் அது. கொழுந்து எடுப்பது குறைந்து, பாதிக் காட்டில் கிழங்கும் கோசும் போட்டிருந்தார்கள். கோசு, கீரை எல்லாம் லோரியில் தாப்பா ரோட்டுக்குப் போய் ரயிலில் ஏறும். பெட்ரோல் கிடையாது. மரக்கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிற லோரி. ஏற்றத்தில் அது நின்றால் அண்ணன் இறங்கித் தள்ள வேண்டும். ஸ்டேஷனில் கூட்ஸ் பெட்டி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் எங்கள் கூட்டத்துக்குச் சோறு போட்டது. லோரி திரும்பி வருகிற அன்று பொழுது சாய, குளிருக்கு இதமாகப் பாய்லர் வாய்க்கு எதிரே எல்லோரும் கூடுவார்கள். பாய்லர் மாமா கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"என்னடா, ரயில் கொண்டாந்தியா?"

ரயில் கொண்டு வருவது என்றால், பார்த்த ரயில் ஒன்றை இஞ்சினில் தொடங்கிக் கடைசி கார்டு பெட்டிவரை, பெட்டி பெட்டியாக, வரிசை மாறாமல் சொல்வது. பெட்டியில் என்ன இருந்தது, கதவு திறந்திருந்ததா, சக்கரம் எப்படிச் சத்தம் போட்டது, எல்லாம் சொல்ல வேண்டும். கார்டு பெட்டி வந்ததும் சொல்கிறவர் கையைக் கொடி மாதிரி தூக்கிக் காட்ட வேண்டும். அப்போதுதான் ரயில் மலைக்கு வந்து சேர்ந்ததாக அர்த்தம். நடுவில் ஒரு பெட்டியை விட்டாலோ, வரிசை தப்பினாலோ, எழுந்து போய் ஒரு சுமை விறகு கொண்டுவர வேண்டும். அதுதான் தண்டனை.

லோரி மாமாவுக்குப் பொய் கலக்காமல் சொல்ல வராது. ஒரு நாள், "இன்னைக்கு ரெட்டை இஞ்சின் போட்டு இழுத்துட்டுப் போனான்" என்றார்.

பாய்லர் மாமா அடுப்பைக் கிளறிக்கொண்டே, "அப்படியா? ரெண்டுலயும் புகை வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சுண்ணே. கருகருன்னு."

"கருப்பா? இப்ப நிலக்கரி ஏதுடா? ரப்பர் கட்டையைப் போட்டுல்ல ஓட்டுறான். கட்டைக்கு வெள்ளைப் புகைதானே வரும்?"

லோரி மாமா தலையைச் சொறிந்தார். "அது வந்து... முன்னாடி இஞ்சின் வெள்ளை. பின்னாடிதான்..."

"விறகு அந்தப் பக்கம் இருக்கு. போங்க, போங்க" என்றார் அக்கா. அண்ணன் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த கிழங்கு வெளியே வந்துவிட்டது.

அண்ணன்தான் நன்றாகக் கொண்டு வருவார். ஸ்டேஷனில் காவலுக்கு நிற்கிற ஜப்பான் சிப்பாய்க்கு இடுப்பு மடியக் குனிய வேண்டும், இல்லாவிட்டால் கன்னம் வீங்கும். "அது நல்லதுதான் அக்கா, குனிஞ்சாத்தான் சக்கரம் நல்லாத் தெரியுது" என்பார். அவர் சொல்லும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். பார்க்காத ரயில் என் முன்னால் போகும். நான்கு பேருமே வயிற்றுக்கு அரைவேளை கிழங்கு தின்று, சாக்குத் துணி உடுத்திக்கொண்டு, தங்களுக்கு ஒரு பைசா பிரயோசனமில்லாத ஒன்றை இவ்வளவு அக்கறையாகச் சொன்னார்கள், கேட்டார்கள். ஒருவர் உண்மையாகக் கொண்டுவந்ததை மற்றவர் கெடுக்கவே மாட்டார். அந்த மாதிரி மரியாதையைப் பிற்பாடு நான் எங்கும் அதிகம் பார்க்கவில்லை.

ஒரு சட்டம் மட்டும் லோரி மாமா போட்டது. காலி வண்டியைக் கொண்டு வரக் கூடாது. "காலி, காலி, காலின்னு எதுக்குடா சொல்றே? கிழங்கு ஆறிப்போகுது" என்பார். எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. சரக்கு ஏற்றிய ரயில்தான் ரயில்.

பிறகு வடக்கே இருக்கிற சயாம் நாட்டுக்கு வேலைக்கு ஆள் கேட்டு வந்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெரிய கங்காணி பக்கத்தில் நின்று ஓர் ஆள் பேசினான். சயாமில் ரயில் ரோடு போடுகிறார்கள், மூன்று மாத வேலை, வயிறாரச் சோறு, துணி, சுருட்டு, முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவோம் என்றான். அடுத்த முறை வரும்போது விருப்பமுள்ளவர்கள் முன்னால் வந்து நிற்க வேண்டுமாம்.

மற்றவர்கள் காதில் சோறு என்று விழுந்தது. அண்ணன் காதில் ரயில் என்று விழுந்தது.

"ரயில் வேலை, புள்ள!" வீட்டுக்கு வந்ததும் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "பார்த்துக்கிட்டே நின்னது போதும். நானே ரோடு போடுவேன். என் கையால போட்ட ரோட்டுல இஞ்சின் போகும். மூணு மாசம்தானே!"

அண்ணன் போனால் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. போகாதே என்று எப்படிச் சொல்வது?

பாய்லர் முன்னால் அவர் இதைச் சொன்னபோது பாய்லர் மாமா ஒரு கட்டையை எடுத்து அடுப்பில் தள்ளினார். லோரி மாமா, "நீ போயிட்டா என் வண்டிய யாருடா தள்றது?" என்று மட்டும் கேட்டார். அக்கா கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தார்.

"எங்கப்பா காலையில டிராலியில ஏறிப் போவாரு" என்றார். "சாயந்திரம் அதே டிராலி சத்தம் கேட்டதும் எங்கம்மா உலை வைக்கும். போன வண்டியில போன ஆளு, வர்ற வண்டியில வரணும். அதான் தம்பி ரயில் வேலை. இந்தச் சயாம் வேலைக்கு ஆளுங்க போறத நீ எத்தனையோ தடவை கொண்டாந்து சொல்லியிருக்கே. பெட்டி நிறைய நம்ம ஆளுங்க, கதவுல காலத் தொங்கப்போட்டுப் பாட்டுப் பாடிட்டுப் போறாங்கன்னு சொன்னே. முதல்ல போனவங்களுக்கு மூணு மாசம் எப்பவோ முடிஞ்சிருக்குமே?"

"முடிஞ்சிருக்கும்."

"அப்ப வடக்கேருந்து வர்ற வண்டியை ஒண்ணு கொண்டா. கேட்டுட்டு உன்னைச் சந்தோசமா அனுப்பி வைக்கிறேன்."

அண்ணன் சிரித்தார். "அது காலி வண்டிக்கா. நம்ம சட்டம் என்ன? காலியைக் கொண்டாரக் கூடாதே."

சொன்ன வார்த்தை தன் காதிலேயே விழுந்ததும் சிரிப்பை நிறுத்தினார் என்று நினைக்கிறேன். அக்கா விடவில்லை. "சட்டம் கிடக்கட்டும். இந்த ஒரு தடவை கொண்டா" என்றார்.

ஆள் பிடிக்கிறவன் திரும்பி வருவதற்கு முன்னால் லோரி ஒரு தடவை கீழே போயிற்று. அன்று நான் காட்டில் களை பிடுங்கினேனா, செடியைப் பிடுங்கினேனா என்று எனக்கே தெரியாது. கங்காணியிடம் திட்டு வாங்கினேன். பொழுது சாய லோரி ஏறி வருகிற சத்தம் கேட்டதும் கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு ஓடினேன்.

"ரயில் கொண்டாந்தியா?" என்றார் பாய்லர் மாமா.

"கொண்டாந்தேன் மாமா." அண்ணன் உட்கார்ந்தார். "வடக்கேருந்து வந்துச்சு. இஞ்சின்ல வெள்ளைப் புகை. தண்ணி புடிக்க நின்னுச்சு. இஞ்சினுக்குப் பின்னால விறகுப் பெட்டி. அப்புறம் கூட்ஸ் பெட்டி, கதவு திறந்திருந்துச்சு. காலி. அடுத்தது கூட்ஸ் பெட்டி. காலி. அடுத்தது..."

முதலில் கொஞ்சம் விளையாட்டாகத்தான் சொன்னார். காலி, காலி என்று லோரி மாமாவைப் பார்த்துக் கண் சிமிட்டினார். லோரி மாமா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. ஆனால் ஒரு பெட்டியையும் அவர் விடவில்லை. விடக் கூடாது என்பதுதானே முறை.

"அடுத்தது கூட்ஸ் பெட்டி. காலி. அதுக்கு அடுத்தது... உள்ளே ஒரு தகரக் குவளை கிடந்துச்சு. நாம தேத்தண்ணி குடிக்கிற மாதிரி குவளை. வண்டி நிக்கும்போது இந்தப் பக்கம் உருண்டு வந்துச்சு. கிளம்பும்போது அந்தப் பக்கம் உருண்டு போச்சு. ஆள் இல்ல. அடுத்தது காலி."

பாய்லர் மாமா விறகு போட மறந்துவிட்டார். என் கிழங்கு கருகுகிற வாடை வந்தது. எடுக்க எனக்குக் கை வரவில்லை. கார்டு பெட்டி வந்தபோது அண்ணன் கையைத் தூக்கவில்லை. மடியில் வைத்திருந்த கையை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

லோரி மாமாதான் பேசினார். "நானும் பார்த்திருக்கேன். இந்த மாதிரி எத்தனையோ வண்டி. வர்றதெல்லாம் காலி. அதுல சொல்ல என்ன இருக்குன்னு விட்டுட்டேன்."

"எல்லாருந்தான் விட்டோம்" என்றார் அக்கா. "இப்பக் கொண்டாந்துட்டான்ல. நல்லாக் கொண்டாந்தடா தம்பி. ஒரு பெட்டி தப்பல."

அவர் போகாதே என்று சொல்லவே இல்லை. மற்ற இருவரும் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் அதுதான் எனக்கு ஆச்சரியம். ஆசைப்பட்டவனை வையாமல், பயமுறுத்தாமல், அவன் கண்ணை அவனே நம்பும்படி செய்தார்கள்.

அண்ணன் எழுந்து லயத்துக்குப் போனார். சயாமுக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த பையன்கள் வீட்டுக்கெல்லாம் போய், வாசலில் நின்று, அந்த ரயிலை முதல் பெட்டியிலிருந்து மறுபடி சொன்னார். "என்னடா, காலி வண்டிக்கு ஒப்பாரி வைக்கிறே" என்று கேலி செய்தார்கள். ஆனாலும் கேட்டார்கள். பெரட்டில் ஆள் பிடிக்கிறவன், "ரயில் வேலைக்கு யார் வர்றீங்க?" என்று கேட்டபோது அண்ணன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேல் லயத்திலிருந்து ஒருவர் மட்டும் முன்னால் போனார். அவருக்கும் அண்ணன் சொல்லித்தான் இருந்தார்.

பிற்பாடு ஆட்களைக் கேட்காமலே பிடித்தார்கள். அப்போது லோரி கீழே போகிற நாளெல்லாம் அண்ணன் லோரியோடு இருந்தார். கோசு இல்லாமல் ஜப்பான்காரனுக்கும் முடியாது, தள்ள ஆளில்லாமல் அந்த லோரிக்கும் முடியாது. லோரி மாமா இதை எப்படியோ தோட்டத்து ஆபீஸ் கணக்குப் பார்க்கிற பெரிய கிராணி மனதில் பதிய வைத்திருந்தார். அப்படித்தான் அண்ணன் தப்பினார். அன்றிலிருந்து பாய்லர் முன்னால் காலி வண்டியும் வந்தது. கிழங்கு ஆறினாலும் யாரும் முணுமுணுக்கவில்லை.

ஜப்பான்காரன் போன பிறகு ஒரு நாள் அண்ணன் எங்கள் எல்லோரையும் லோரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார். பாய்லர் மாமா புதுச் சட்டை போட்டிருந்தார். அக்கா ஸ்டேஷனைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் முதன்முதலாக ரயிலைப் பார்த்தது அன்றுதான். அது வடக்கேயிருந்து வந்தது. அதில் ஆட்கள் இருந்தார்கள்.

திரும்பி வந்து பாய்லர் முன்னால் உட்கார்ந்ததும் பாய்லர் மாமா வழக்கமான கேள்வியைக் கேட்டார். அண்ணனைப் பார்த்துக் கேட்கவில்லை.

"தங்கச்சி, ரயில் கொண்டாந்தியாம்மா?"

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. அக்கா என் முதுகில் லேசாகத் தட்டினார். "சொல்லு புள்ள. நாங்கதானே இருக்கோம்."

சொன்னேன். இஞ்சின், வெள்ளைப் புகை, விறகுப் பெட்டி. முதல் பெட்டியில் சயாமிலிருந்து திரும்புகிற ஆட்கள், எலும்பும் தோலுமாக, ஒருவர் மடியில் ஒருவர் தலைவைத்து. இரண்டாவது பெட்டியில் ஆட்கள். ஒருவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். மூன்றாவது பெட்டி காலி. அதையும் சொன்னேன். மேல் லயத்துக்காரரை ஒவ்வொரு பெட்டியிலும் தேடினேன், காணவில்லை, அதையும் சொன்னேன். கடைசியில் கார்டு பெட்டி வந்ததும் கையைத் தூக்கினேன்.

எனக்குப் பின்னால் உட்கார்ந்து அண்ணன் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார்.