தேய்த்துவிட்ட துப்பாக்கி

ஞாயிற்றுக்கிழமை காலையில், சர்ச்சுக்குக் கிளம்பும் முன், எல்டன் ஹக்கபி வெள்ளைப் பருத்திக் கையுறைகளை மாட்டிக்கொள்வார். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து நீளமான அட்டைப்பெட்டியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைப்பார். மூடியை வெடுக்கென்று தூக்கமாட்டார். பழைய அட்டை மூலையில்தான் முதலில் கிழியும். கட்டைவிரலால் மூலைகளை மாறிமாறித் தளர்த்தி, உள்ளே காற்று புகும் ஓசை கேட்ட பிறகே எடுப்பார். உள்ளே சிறுவர்கள் சுடும் நெம்புகோல் வைத்த பிபி காற்றுத் துப்பாக்கி, குறிபார்க்கும் சின்னக் குழாய், முத்திரை உடையாத காகிதக் குழலில் ரவைகள், குறி அட்டைகள். எதையும் தொடமாட்டார். ஓரத்தில் வட்டமாக ஒரு பள்ளம் காலியாக இருக்கும். ரவை பட்டால் ஒலிக்கும் தகர மணி உட்கார வேண்டிய இடம் அது. அதையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டு மூடுவார்.

"என்ன, மணி முளைச்சிருச்சா?" என்பாள் மனைவி லொரீன், காதில் கம்மலை மாட்டியபடி.

அமெரிக்காவின் ஆர்கன்சா மலைப்பக்கத்தில் பழைய பிபி துப்பாக்கி சேர்ப்பவர்களில் எல்டனைத் தெரியாதவர் இல்லை. கோழித்தீவன ஆலையில் லாரிகளை எடைபோட்டே வேலைக்காலம் போனது. விடுமுறையெல்லாம் பண்ணை ஏலங்களில் போனது. சிறுவயதில் அவருக்குக் கிடைத்தது அண்ணனிடமிருந்து கைமாறிய துப்பாக்கி, பெட்டி கிடையாது. புதுப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்கள் பக்கத்துப் பண்ணைப் பையன்கள். பிறகு சுவர் நிறையத் துப்பாக்கிகள் சேர்ந்தன. பெட்டியோடு, மணியோடு, ஒன்று குறையாத செட் மட்டும் அமையவே இல்லை.

அது ராய்ஸுக்கு அமைந்தது.

ராய்ஸ் லொரீனின் தம்பி. புல்வெட்டும் இயந்திரம் வாங்க ஒரு பண்ணை ஏலத்துக்குப் போனவன், அதோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்த சாமான்களையும் தூக்கிவந்தான். அடியில் இருந்தது அந்தப் பெட்டி. இரண்டு கரண்டி கிரேவியை பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியில் ஊற்றிக்கொண்டே, எல்டனின் மேசையில் அதைப் பரப்பினான்.

"மச்சான், இது நல்லதா? உங்ககிட்ட இருக்கிற மாதிரியே இருக்கு. கூட ஒரு மணி வேற."

எல்டன் குனிந்து பார்த்தார். மணியின் சிவப்பு வண்ணம்கூட உதிரவில்லை. துப்பாக்கிக் குழல்மேல் அந்தக் காலத்து நீலப்பூச்சு அப்படியே இருந்தது, அங்கங்கே மட்டும் பழுப்பேறி. வாழ்நாளெல்லாம் தேடியவனிடம் வராதது, கைகூடக் கழுவாதவனிடம் வந்திருந்தது.

"பரவால்ல," என்றார்.

"பரவால்லயா? அவர் முகத்தைப் பாரு ராய்ஸ், பல்லு பிடுங்கப் போறவர் மாதிரி இருக்கு!" என்று சிரித்தாள் லொரீன்.

"அந்த மணியை மட்டும் எனக்குக் குடுத்துரேன். பதிலுக்குச் சுவத்துல எது வேணுமோ எடுத்துக்க."

"துப்பாக்கிக் கண்காட்சி முடியட்டும் மச்சான். ஒரு தடவையாவது நானும் பரிசு ரிப்பன் குத்திக்கிட்டு நடக்கிறேனே. ஆமா, இந்தப் பழுப்பு அசிங்கமா இருக்கே, தேச்சு எடுத்துரலாமா?"

பழைய துப்பாக்கி சேர்ப்பவர்களின் உலகத்தில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. பழுப்பேறிய பூச்சுதான் துப்பாக்கியின் உயிர்; அதைத் தேய்த்தவன் செட்டையே கொன்றவன். புதிதாக வருபவனுக்கு முதல்நாளே இதைச் சொல்லிவிடுவார்கள். எல்டனே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

அவர் காபியை ஒரு வாய் குடித்தார். "தேய்," என்றார். "மெல்லிசு இரும்பு நாரா வாங்கு. கொஞ்சம் எண்ணெய் விட்டுக்க."

லொரீன் திரும்பிப் பார்த்தாள்.

இலையுதிர்காலக் கண்காட்சியில் இருவர் மேசையும் அடுத்தடுத்து இருந்தன. ராய்ஸின் துப்பாக்கி புதுக் கரண்டிபோல் மின்னியது. பழகியவர்கள் கிட்டே வந்து, குனிந்து, வாயைத் திறக்காமல் நகர்ந்தார்கள். சாவு வீட்டில் விலகுவதுபோல். ராய்ஸ் மட்டும் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

நடுவர் ஓபல் கிட்ரெட்ஜ் கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியைத் தூக்கினாள். அதைக் குழலின் மேலேயே வெகுநேரம் பிடித்துப் பார்த்தாள்.

"யாரு தேச்சது இதை?"

கேள்வி ராய்ஸுக்குத்தான். ஆனால் அவள் பார்வை அடுத்த மேசையில் இருந்தது.

"நான்தான்மா. தேய்க்கக் கூடாதோ?" என்றான் ராய்ஸ்.

"கூடாது தம்பி."

"அடச்சே! என்னை மாதிரி ஒரு முட்டாள் உண்டா!" அவன் தொடையில் தட்டிச் சிரித்தான். காதுமடல் மட்டும் சிவந்துவிட்டது.

முதல் பரிசான நீல ரிப்பன் எல்டனின் செட்டுக்குப் போனது, மணி இல்லாமலேயே. முதல் ஆளாகக் கைதட்டியவன் ராய்ஸ். பிறகு வெளியே கெளுத்தி மீன் பொரிக்கிற இடத்துக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் அங்கே ஒரு கூட்டமே சேர்ந்தது. தான் துப்பாக்கியைத் தேய்த்த கதையை அவனே நடித்துக் காட்ட, வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எல்டன் ரிப்பனோடு மேசைக்குப் பின்னால் தனியே உட்கார்ந்து கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றவன் எப்படி இப்படிச் சிரிக்கிறான்? அந்தச் சிரிப்பின்மேலும் அவருக்குப் பொறாமை வந்தது. மணியைக் கேட்க வாய் வரவில்லை. பெட்டிகளை அடுக்கும்போது ராய்ஸே அதை எடுத்து நீட்டினான். எல்டன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீயே வச்சுக்க," என்றார்.

அடுத்த வசந்தத்தில், ஒரு ஏலத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோதுதான் ஓபல் சொன்னாள். கண்காட்சிக்கு முந்தின வாரம், மேசைக்குப் பேர் கொடுக்க ராய்ஸ் அவளுக்குப் போன் செய்திருக்கிறான். தேய்க்கப் போவதாகச் சொன்னதும் அவள் அலறியிருக்கிறாள்: தொடாதே, தொட்டால் போச்சு. அதற்கு அவன் சொன்னானாம்: "எல்டன் மச்சான் தேய்க்கச் சொன்னார்மா. அவரைவிடவா உங்களுக்குத் தெரியும்?"