காலரில் வைத்த மஞ்சள்

பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டில் எங்கள் துணி அலமாரியில் பாதி இடம், என்றைக்கோ ஐரோப்பாவில் சண்டை போட்ட அதிகாரிகளுக்குத்தான். உலகப் போர்க்கால யூனிஃபார்ம்களைத் தேடித்தேடி வாங்குவது அப்பாவின் பைத்தியம். அவற்றைத் துவைக்கக் கூடாது, பொத்தானை மாற்றக் கூடாது, கை கழுவாமல் தொடக் கூடாது. "செத்தவன் சட்டைக்கு இருக்கிற மரியாத இந்த வீட்ல எனக்கு இல்ல" என்பாள் அம்மா.

எனக்கு எட்டு வயதானபோது அப்பாவுக்கு வேலை போயிற்று. யூனிஃபார்ம்கள் ஒவ்வொன்றாக விலை போயின. ஒவ்வொன்றையும் பேக் பண்ணி அனுப்பிவிட்டு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிடுவார். கடைசியாக மிஞ்சியது ஓர் இத்தாலிய அதிகாரியின் சாம்பல் பச்சைக் கம்பளிக் கோட்டு. அவர் முதன்முதலில் வாங்கியதும் அதுதான். தீபாவளிக்கு மறுநாள் ஒருவர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

"இதுவும் போயிட்டா நிம்மதி" என்றார் அப்பா. நிம்மதி என்றவர் அன்று சாப்பிடவே இல்லை. அம்மா தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

அந்தத் தீபாவளிக்கு எனக்கு மட்டும்தான் புதுத்துணி. சாமி முன்னால் வைக்கும் புதுத்துணியின் உள்மடிப்பில், வெளியே தெரியாத இடத்தில், கடுகளவு மஞ்சள் வைப்பது அம்மாவின் வழக்கம். என் பாவாடைக்கும் அப்படித்தான் வைத்திருந்தாள். பக்கத்தில் அந்தக் கோட்டும் இருந்தது. அதன் காலரில் மட்டும், முன்பக்கமாக, கட்டைவிரல் அகலத்துக்குக் குழைத்த மஞ்சள்.

"என்ன பண்ணி வெச்சிருக்க?" அப்பாவுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை.

"உங்களுக்குத்தான் புதுசு எதுவும் எடுக்கலயே. சாமி முன்னாடி ஏதாவது வெக்க வேணாமா?"

மறுநாள் வந்தவர் காலரைப் பார்த்தார். ஜன்னலோரம் கொண்டுபோய் இன்னொரு முறை பார்த்தார். சாரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா கோட்டை மறுபடி அலமாரியில் மாட்டினார். அன்று மதியம் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்குத்தான் ஆறவில்லை. "யூ ரூயின்ட் இட், அம்மா" என்று போகும்போதும் வரும்போதும் அவளைக் குத்திக்கொண்டிருந்தேன். அவளும் ஓய்ந்துபோயிருந்தாள். அப்படியும் எனக்குத் தலை பின்னிவிட்டாள்.

அந்தக் கோட்டு இன்னும் அப்பாவிடம் இருக்கிறது. என் சட்டையில் ஒரு சொட்டுக் குழம்பு தெறித்தாலே, மஞ்சள் கறை போகாது என்று வீட்டையே இரண்டாக்குபவள் அம்மா. அவளுக்கா தெரியாமல் போயிருக்கும் என்று கேட்டுக்கொள்ள, எட்டு வயதில் எனக்குத் தோன்றவில்லை.