ஏழாம் அத்தியாயத்து அக்கா

சபையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏழாம் அத்தியாயத்து அக்கா’ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். கூட்டம் எங்கே நடந்தாலும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேஜை, அதன்மேல் வெள்ளைத் துணி, துணிமேல் புத்தகங்கள், பின்னால் அவள். விசுவாசத்தைப் பற்றிய புத்தகங்கள் ஒரு வரிசை. அடுத்தவருக்கு நற்செய்தி சொல்வது எப்படி என்று கற்றுக்கொடுப்பவை இன்னொரு வரிசை. ஏழைக்கும் கூலிக்காரனுக்கும் நீதி வேண்டும் என்று பேசுபவை மூலையில் ஓர் அடுக்கு. நீதியை எடுத்துப் புரட்டிப் பார்ப்பார்கள், விலையைப் பார்த்ததும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்கள். அவளும் வாரம் தவறாமல் தூசி தட்டி வைப்பாள். விற்றுத் தீர்வது ஒரே ஒரு புத்தகம்தான். மனம் திரும்பியவர்களின் கதைகளைப் போதகர் கேட்டு எழுதியது. அதில் ஏழாவது கதை அவள் புருஷனுடையது.

புருஷன் பெயிண்டர். மொடாக்குடியன். சம்பாதித்ததைக் குடித்தான், குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடித்தான். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அக்கம்பக்கத்தில் மூச்சு விடவில்லை, முழங்காலில் நின்று ஜெபித்தாள். ஒருநாள் கூட்டத்துக்கு வந்தான், அழுதான், மாறினான். அன்றோடு பாட்டிலும் போனது, ஓங்கிய கையும் இறங்கியது. இதுதான் ஏழாம் அத்தியாயம். வாசிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி போதகர் எழுதியிருந்தார். மனுஷனுக்கு எழுத வரும், அதை மறுப்பதற்கில்லை.

எழுதுவதற்காக அவர் வீட்டுக்கு வந்து புருஷனோடு வெகுநேரம் பேசினார். அவளிடம் கேட்டது ஒரே கேள்வி. “என்ன சிஸ்டர், எல்லாம் சரிதானே?” டீ டம்ளரை நீட்டியபடி அவள் தலையாட்டினாள். அது பொய்யில்லை. அப்போது அவன் குடியை விட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன, கையும் சும்மாதான் இருந்தது. அவன் படியேறி வரும் சத்தத்துக்கு அவள் பயப்படாமல் இருந்த காலம் அது ஒன்றுதான்.

புத்தகம் அச்சாகி வருவதற்குள் கை திரும்பி வந்துவிட்டது. குடி வரவில்லை. அதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனை வருஷமும் பழியையெல்லாம் பாட்டில்மேல் போட்டுவிட்டு, பாவம் இந்த மனுஷன் என்று நினைத்தவள் அவள். இப்போது அவன் ஜன்னலைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, தெளிந்த கண்ணோடு அடித்தான். குடிகாரனுக்குக் குறி தப்பும். இவனுக்குத் தப்பவில்லை. வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடிக்கும் நிதானம் வந்திருந்தது.

போதகரின் மனைவியிடம் ஒருமுறை சொன்னாள். அந்த அம்மாள் பதறித்தான் போனாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்தாள். அழுது முடித்துவிட்டு, “புத்தகம் வெளிய வந்துடுச்சேம்மா. எத்தனை பேர் அதப் படிச்சிட்டுக் குடிய விட்டிருக்காங்க? இப்பப் போய் இதச் சொன்னா அவங்க விசுவாசம் என்னாகும்? கொஞ்சம் பொறுத்துக்கோ,” என்றாள்.

அதில் உண்மையும் இருந்தது. குடியை விட்டவர்கள் குடும்பத்தோடு மேஜைக்கு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். என் முதுகு பெரிதா, இவர்கள் பிழைப்பது பெரிதா என்று யோசித்து அவள் வாயை மூடிக்கொண்டாள். முட்டாள்தனம் என்று நாம் சொல்லிவிடலாம். சொல்லுகிற நாம் அடி வாங்கவில்லையே.

வருஷத்துக்கொரு முறை பெரிய கூட்டம் நடக்கும். புருஷன் மேடையேறித் தன் கதையைச் சொல்வான். முடிந்ததும் போதகர் அவளை அழைப்பார். அவள் மைக்கைப் பிடித்து, “இவர் சொன்னதெல்லாம் உண்மை” என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும். சபையார் கைதட்டுவார்கள். அதற்கப்புறம் மேஜையில் நிற்க இடமிருக்காது.

அப்படி ஒரு கூட்டத்தன்றுதான் ஒரு தையல்காரப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். கையில் புத்தகம். ஏழாம் அத்தியாயம் முழுக்கப் பென்சில் கோடு.

“நீங்கதானே அந்த அக்கா? நான் அடி தாங்காம வந்து அம்மாகூட இருக்கேங்க்கா. ஆனா இதப் படிச்சப்புறம் அவர்கிட்டயே திரும்பிப் போலாம்னு தோணுது. உங்களுக்குச் செஞ்ச ஆண்டவர் எனக்குச் செய்ய மாட்டாரா?”

பின்னால் நின்ற அம்மா, போக வேண்டாம் என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜையைச் சுற்றி ஒரே நெரிசல். யாரோ சில்லறை கேட்டார்கள். எல்லாருக்கும் அக்கா வழக்கமாகச் சொல்வது தானாக வாயில் வந்துவிட்டது. “ஜெபம் பண்ணும்மா. பொறுமையா இரு. ஆண்டவர் மாத்துவார்.”

பெண் சிரித்த முகத்தோடு போனாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனாள். அதற்குப் பிறகு பல நாள் அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்து அக்காவைப் பாடாய்ப் படுத்தியது. ஆனாலும் அந்த வீட்டைத் தேடிப் போகவில்லை. பின்னால் அவள் தனக்கே மன்னிக்க முடியாமல் போனது இதைத்தான்.

அடுத்த வருஷக் கூட்டத்துக்கு அதே இருவரும் வந்தார்கள். பெண்ணின் இடது கண்மேல் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. மேஜைக்கு வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “என்ன மன்னிச்சிடுங்கக்கா.”

“எதுக்கும்மா?”

“உங்க மாதிரி என்னால பொறுமையா இருக்க முடியலக்கா. ஒரு நாள் எதிர்த்துப் பேசிட்டேன். அதான் இப்படி ஆயிடுச்சு. இந்தக் கண்ணு இனிமே தெரியாதாம்.” பஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “அவர் வந்து கூப்பிட்டாரு. நாளைக்குப் போறேன். இந்தத் தடவை வாயே திறக்க மாட்டேன். நீங்க எப்படிக்கா அவ்வளவையும் தாங்கினீங்க? அத மட்டும் சொல்லிக் குடுங்க.”

கண்ணைப் பறிகொடுத்தவள் வந்து மன்னிப்புக் கேட்கிறாள்! அக்காவுக்கு வந்தது வெட்கமா, ஆத்திரமா, என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. இருவரையும் புத்தகப் பெட்டிகளுக்குப் பின்னால் கூட்டிப் போய், சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றிக் காட்டினாள். பழைய காயம் மஞ்சள் பாரித்திருந்தது. புதியது கன்றிக் கறுத்திருந்தது.

“இது போன வாரம். குடிக்காமத்தான் அடிச்சாரு.”

பெண் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். “அப்ப புத்தகத்துல இருக்கறது?”

“குடிய விட்டது நிஜம். மத்தது நிஜமில்ல. நீ போகாத.”

அம்மா முன்னால் வந்தாள். “இத அன்னிக்கே சொல்லியிருந்தா எம்பொண்ணுக்கு ரெண்டு கண்ணும் இருந்திருக்குமே.”

அக்கா சட்டைக் கையை இறக்கிவிட்டாள். அதற்குள் மேடையிலிருந்து அவளை அழைத்தார்கள்.

அவள் போனாள். மைக்கைப் பிடித்தாள். “இவர் குடிய விட்டது உண்மை. அடிக்கறத விடல. என் வாயால சொன்னதக் கேட்டு ஒரு பொண்ணு கண்ணப் பறிகொடுத்துட்டு நிக்குது. இந்தப் புத்தகத்தப் படிச்சிட்டு யாரும் அடி வாங்கத் திரும்பி...” மைக் செத்தது. பாடகர் குழு எழுந்து உச்ச சுருதியில் பாட ஆரம்பித்தது. புருஷன் சபையைப் பார்த்துச் சாந்தமாகப் புன்னகை செய்துகொண்டிருந்தான். அந்தப் புன்னகையோடு ஒரு வீட்டுக்குள் தனியாக இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். நேராக வாசலுக்கு நடந்தாள். தையல்காரப் பெண்ணின் அம்மா அவள் முகத்தைப் பார்க்காமலே, “வா,” என்றாள்.

இப்போது அக்கா அவர்கள் வீட்டுத் தையல் அறையில்தான் இருக்கிறாள். பொத்தான் தைப்பாள், ஓரம் மடித்துத் தைப்பாள், துணி தேய்ப்பாள். பெண் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை. அந்த அம்மா இன்றுவரை அவளிடம் தேவைக்குமேல் பேசுவதில்லை. சோறு மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவாகப் போடுவாள். அக்கா முன்போலவே ஜெபிக்கிறாள். ஆண்டவரோடு அவளுக்குச் சண்டை கிடையாது.

புத்தகம் புதிய பதிப்பு வந்துவிட்டது. ஏழாம் அத்தியாயத்தைத் தூக்கவில்லை. கடைசியில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள். மனைவி வழிதவறிப் போய்விட்டாளாம். புருஷன் கோபப்படாமல், பொறுமையாக, அவளுக்காக ஜெபித்துக் காத்திருக்கிறானாம். மேடையில் அவன் அதைச் சொல்லும்போது சபை முன்னைவிட அதிகமாக அழுகிறதாம். வியாபாரமும் படுஜோர்.

படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? அவளை வீட்டுக்கு அனுப்பிவைக்கப் புத்தகமும் கையுமாகத் தேடி வருகிறார்கள். போன வாரம் ஓர் இளம்பெண் வந்தாள். கல்யாணமாகி அதிக நாள் ஆகியிருக்காது. வாசலில் நின்றபடியே, “திரும்பிப் போயிடுங்கக்கா. அண்ணன் உங்களுக்காக எவ்வளவு பொறுமையா காத்திட்டிருக்காரு,” என்றாள். சொல்லும்போது வாய் கோணியது. கீழுதடு வீங்கி வெடித்திருந்தது.

“உதட்டுல என்னம்மா?” என்று கேட்டாள் அக்கா.

“ஒண்ணுமில்லக்கா. கதவுல இடிச்சுக்கிட்டேன்.”

தையல் மெஷின் நின்றது. ஒற்றைக் கண் பெண் துணியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். அக்கா எழுந்து போய், வந்தவளின் கையைப் பிடித்தாள்.

“எங்க வீட்லயும் அதே கதவுதாம்மா. உள்ள வந்து உட்காரு. நீ இன்னிக்கு வீட்டுக்குப் போகாத.”