நைனா பீடியை விட்ட நான்கு ஆண்டுகள்

எங்கள் நைனா கண்மூடி ஓராண்டு ஆகிறது. அழாமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நைனா பிறந்தது கடம்பத்தூர் பக்கம் ஒரு சிற்றூரில். அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்ட குடும்பம். இருபது வயதில் கும்மிடிப்பூண்டிக்கு வந்து இரும்பு உருக்கும் ஆலையில் சேர்ந்தார். உலைக்கு முன்னால் நின்று செய்யும் வேலை. ஓய்வென்று கிடைத்த பத்து நிமிடத்தில் எல்லோரும் பீடி பிடித்தார்கள், அவரும் பிடித்தார். அந்த உலைச் சூட்டில் நின்றுதான் என்னைப் படிக்க வைத்தார், கல்யாணமும் செய்து வைத்தார்.

ஐம்பத்தாறு வயதில் ஒருநாள், ரயில் நிலைய மேம்பாலத்தின் பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறது என்றார் டாக்டர். அன்று விட்ட பீடியை நைனா மறுபடி தொடவில்லை. யாரையும் கடிந்து பேசாதவர், முதல் மாதம் முழுக்க எங்கள் மேல் எரிந்து விழுந்தார். அதையும் மறைக்க விரும்பவில்லை.

பிறகு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. காலை இருமல் குறைந்தது. எப்போதும் சில்லிட்டிருந்த விரல்களில் சூடு வந்தது. ஈறு வீக்கம் வடிந்தது. மாதக்கணக்கில் ஆறாதிருந்த கால் புண் மூடியது. ஒருநாள் சோற்றில் கை வைத்தவர், "இன்னாமே, கொழம்புல இவ்ளோ உப்பு?" என்றார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதே உப்புதான் போட்டுக்கினு வரேன். இப்பதான் நாக்குக்குத் தெரியுதா?" என்றார் அம்மா. வெகுநாள் கழித்து அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

ஆனாலும் கெட்ட நுரையீரல் முழுதாகச் சரியாகவில்லை. நான்காம் ஆண்டு மழைக்காலத்தில் சளி பிடித்து நிமோனியாவானது. ஒன்பதே நாளில் போய்விட்டார். சாவு வீட்டில் என் சித்தப்பா, நைனாவின் ஒரே தம்பி, வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "பீடிய வுட்டதுதான் தப்பு. பழகின ஒடம்பு, தாங்கல." பலர் தலையாட்டினீர்கள். டாக்டர் என்னிடம் சொன்னது வேறு: "விட்டதாலதாம்மா இவ்ளோ நாள் உங்களோட இருந்தாரு."

பதினாறாம் நாள் படையலில், இலையில் வைத்த கறிக்குழம்புக்குப் பக்கத்தில் சித்தப்பா ஒரு பீடிக்கட்டை வைத்து, ஒன்றைப் பற்றவைக்கப் போனார். அண்ணன் மேல் உள்ள பாசம்தான், வேறென்ன? அம்மா எழுந்து வந்து அந்தப் பீடிக்கட்டை எடுத்தார்.

"அவரு அவ்ளோ பாடுபட்டு வுட்டாரு. நீ ஏம்பா மறுபடியும் குடுக்குற?"

சித்தப்பா அழுதபடியே அதை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் முறை போட்டு உடனிருந்த ஆலைத் தோழர்களுக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருவினருக்கும் நாங்கள் பட்ட நன்றிக்கடன் பெரிது. அந்த ஒன்பது நாளும் வார்டு வாசலில் வெறுந்தரையில் படுத்துக் கிடந்தவர் சித்தப்பா. அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

சித்தப்பா, தினமும் காலையில் உங்கள் இருமல் எங்கள் வீடு வரைக்கும் கேட்கிறது. இன்றோடு விட்டுவிடுங்கள். நைனாவுக்கு எப்படியோ எழுதி முடித்துவிட்டேன். உங்களுக்கும் இப்படி ஒன்று எழுத என்னால் முடியாது.

– மகள்