இங்கிலீஷ் செய்தியும் என் மூச்சுக் கணக்கும்

செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. முதல் அறிகுறி அதுதான்.

சோமனூரில் கேபிள் டி.வி. ஒயர் இழுக்கும் வேலை எனக்கு. தறிக் குடோன் மாடிகளில் ஏறி ஒயர் கட்டுவது, படம் தெரியாவிட்டால் திட்டு வாங்குவது, இரண்டும் என் பொறுப்பு. அன்று ஒரு வீட்டு மாடியில் வேலையை முடித்துவிட்டுத் தெருமுனை வரை நடந்து வந்துவிட்டேன். அந்த வீட்டம்மா பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஏனுங்க கேபிள்காரரே, ஒத்தச் செருப்ப எங்கூட்டுப் படியிலயே உட்டுப்போட்டு வந்துட்டீங்களே!"

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. நடு மதியம், தார் ரோடு. சுடவில்லை.

"அந்தக் காலுக்கு இன்னைக்கு லீவு உட்டிருக்கறனுங்க" என்றேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பேன். படிப்பு ஐந்தாவதோடு நின்றுபோனது. வாய் மட்டும் நிற்கவில்லை. இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது கால் மரத்துப்போய், வாயில் பதில் மட்டும் தயாராக இருந்தால், பதிலை விழுங்கிவிட்டு டாக்டரிடம் போங்கள். நான் போகவில்லை.

மறுநாள் ஒயர் நுனியில், டி.வி.யில் செருகும் பின்னைத் திருக விரல் ஒத்துழைக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் பாயிலிருந்து எழுந்தவன் அப்படியே மடிந்து உட்கார்ந்தேன். என் மனைவி சாந்தாமணி நம்பவில்லை. செத்தவன் மாதிரிப் படுத்து அவளை நான் பல தடவை ஏமாற்றியிருக்கிறேன்.

"எந்திரிங்க. காலங்காத்தால கூத்து வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாள். கார் பிடிக்க வெளியே ஓடினாள்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார்கள். கால் உதைக்கவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். வந்திருப்பது ஜி.பி.எஸ். என்றார்கள் (கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் சொந்த நரம்பையே அடிக்கும் நோய்). முழுப் பெயரையும் சொன்னார்கள். அதை நான் சொன்னால் கண்டுபிடித்தவர்கள் என் மேல் கேஸ் போடுவார்கள்.

பெரிய டாக்டர் வெளியூர்க்காரர். வெளிநாட்டில் படித்தவர். எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார்.

"ஒயருக்கு மேல ஒரு உறை இருக்கில்ல? உங்க நரம்புக்கும் அது மாதிரி உண்டு. இப்ப அந்த உறை அரிச்சுப் போயிட்டு இருக்கு."

"அப்ப சிக்னல் போயிருச்சுங்களா டாக்டர்?"

"கால்ல போயிடுச்சு. கையில போயிட்டிருக்கு. மூச்சு விடற தசைக்குப் போகாம இருக்கணும்."



எந்நேரமும் கண் வைத்துப் பார்க்கும் அறைக்கு என்னை மாற்றினார்கள். அங்கே சுவரின் உச்சியில், இரும்புச் சட்டத்தில் ஒரு டி.வி. நோயாளிகளின் மனம் வேறு பக்கம் போகட்டும் என்று பெரிய டாக்டர் வைக்கச் சொன்னதாம். மொட்டை மாடியில் தனியாகக் குடை ஆன்டெனா வைத்து, காசு கட்டாமல் கிடைக்கும் ஒரு வெளிநாட்டுச் செய்திச் சானலைக் கொடுத்திருந்தார்கள். நாள் முழுக்கக் கோட்டுப் போட்டவர்கள் இங்கிலீஷில் செய்தி சொல்லும் சானல். எங்கள் ஊரில் அதற்கு ஒரே ஒரு ரசிகர் உண்டு. அவரும் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்.

ரிமோட் என்றோ தொலைந்துபோயிருந்தது. ஊருக்கே சானல் கொடுத்தவன், ஒரு சானலை மாற்றக் கை தூக்க முடியாமல் மல்லாந்து கிடந்தேன்.

முதல் நாள் இப்படிப் போனது. நான் சொல்ல வந்தது இரண்டாம் நாளைப் பற்றி.

அன்று காலையில் பெரிய டாக்டர் சாந்தாமணியையும் வைத்துக்கொண்டே சொன்னார். பிளாஸ்மா மாற்றும் சிகிச்சை (ரத்தத்தை வெளியே எடுத்து, அதன் நீர்ப்பகுதியை மட்டும் மாற்றித் திருப்பி ஏற்றுவது) தொடங்கியாகிவிட்டது. ஆனால் அது வேலை செய்ய நாளாகும். அதற்குள் நோய் நெஞ்சுக்கு ஏறலாம். ஆகவே மணிக்கு ஒரு தடவை நான் மூச்சை முழுதாக இழுத்து, அதே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ண வேண்டும்.

"பத்துக்குக் கீழ போச்சுன்னா தொண்டைக்குள்ள குழாய் விட்டு மெஷின்ல போட்டுடுவோம். குழாய் இருக்கற வரைக்கும் பேச முடியாது."

"எத்தன நாளைக்குங்க?" என்று கேட்டாள் சாந்தாமணி.

"சொல்ல முடியாதும்மா. சில பேருக்கு வாரக்கணக்கு."

"இவரு ஒரு வாரம் பேசாம கெடந்தா, மூச்சு நல்லா இருந்தாலும் செத்துப்போவாருங்க டாக்டர்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தச் சானலில் மணிக்கு ஒரு தடவை மேளம் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். உலக உருண்டை சுழலும். தலைப்புச் செய்தி தொடங்கும். சரியாக அந்த நேரம்தான் பிலோமினா சிஸ்டர் அறைக்குள் வருவார். பொள்ளாச்சிப் பக்கம். என்னை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். "அண்ணா, மூச்ச நல்லா இழுத்துக்கோங்க. ம், எண்ணுங்க பாக்கலாம்."

முதல் தடவை பத்தொன்பது வரை போனேன். "சபாஷ்" என்றார் சிஸ்டர். சாந்தாமணி எனக்குப் பரீட்சையில் பாஸ் போட்ட மாதிரிச் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் வராத மார்க்கு.

அடுத்த மேளத்துக்குப் பதினேழு. யாரும் சபாஷ் சொல்லவில்லை.

நடுவில் டி.வி.யைத்தான் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்புவதே வேலையாக இருந்தது. பங்குச் சந்தை எண்கள் கீழே ஓடின. ஒரு நாட்டில் டாங்கிகள் ஊர்ந்தன. ஒரு நாட்டில் வெள்ளம். வானிலை சொல்பவன் பூமியையே விரித்து வைத்து ஒவ்வொரு ஊராகத் தொட்டான். நம் நாடு வரும்போது அதன் மேல் முழங்கையை ஊன்றியபடி பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டான். அடுத்த மணியும் அதே டாங்கி, அதே வெள்ளம், அதே முழங்கை. எதுவும் மாறவில்லை. என் கணக்கு மட்டும்தான் குறைந்துகொண்டிருந்தது.

மதியம் இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து பேசினார்கள். ஒருவர் வழுக்கை, ஒருவர் தாடி. என் முகம் போன போக்கைப் பார்த்த சாந்தாமணி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளும் இங்கிலீஷ் தெரியாதவள்தான்.

"என்ன சொல்றாருன்னு தெரியுதுங்களா? இந்த மொட்டைத்தலை, 'ஏனுங் மச்சான், என்ற வரப்புல உங்க எரும மேஞ்சுபோட்டுது'ங்கறாரு. அந்தத் தாடி, 'எருமைக்கு வரப்பு தெரியுமுங்களா மச்சான்'ங்கறாரு."

தாடி அந்த நேரம் பார்த்து இரண்டு கையையும் விரித்தார்.

"பாருங்க, 'எம்மேல சத்தியமுங்க'ங்கறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. எச்சில் தவறான வழியில் போய்விட்டது. விழுங்கவும் முடியவில்லை, இருமவும் முடியவில்லை. தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பிலோமினா சிஸ்டர் ஓடி வந்து, என்னைப் பக்கவாட்டில் புரட்டி, குழாய் வைத்து எச்சிலை உறிஞ்சி எடுத்தார்.

"அக்கா, இவரச் சிரிக்க வெக்காதீங்க. இருமற சக்தியும் கொறஞ்சிருச்சு. இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா..." என்று நிறுத்தினார்.

சாந்தாமணி ஸ்டூலைச் சுவர் ஓரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அதன்பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே பயந்தோம். கல்யாணமான நாளிலிருந்து அவளைச் சிரிக்க வைப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே குடித்தனம். அன்று அதுவும் பத்தியத்தில் விலக்க வேண்டியதாகிவிட்டது.

சாயங்காலம் நெருங்கும்போது பதினாலு. மூச்சை இழுக்கத் தோள்பட்டையும் கழுத்தும் சேர்ந்து எழும்பின. காலையிலிருந்து செய்தி படித்த பெண் காணாமல்போய், வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்திருந்தாள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருப்பாள். எனக்கு என்னவோ அவள் மேல் கோபம் வந்தது. பிறகு பரந்த புல்வெளியில் ஒருவன் சின்னப் பந்தைக் குச்சியால் அடித்துவிட்டு, அது போன திசையில் நெடுநேரம் நடந்தான். அந்த நடை முடியக் கூடாது என்று நினைத்தேன். முடிந்தால் மேளம் அடிக்கும்.

அடித்தது.

இந்தத் தடவை பெரிய டாக்டரே வந்தார். மூச்சின் அளவை ஊதிப் பார்க்கும் கருவி வேறு வார்டில் மாட்டிக்கொண்டிருந்ததால், நேரில் எண்ணச் சொல்லிக் கேட்க வந்திருந்தார். சாந்தாமணியை வாசலுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள்.

"மூச்சை இழுங்க. எண்ணுங்க."

எண்ணினேன். ஒன்பதில் மூச்சு தீர்ந்துபோனது.

டாக்டர் என் அட்டையைப் பார்த்தார். போன மணிக்குப் பதினாலு, இப்போது ஒன்பது. "சீக்கிரமா விழுது. இதுக்கு மேல காத்திருக்கக் கூடாது. சிஸ்டர், டிராலி."

சக்கர வண்டி வந்தது. குழாய், ஊசி, தொண்டைக்குள் பார்க்க வளைந்த கத்தி மாதிரி ஒரு விளக்கு. சாந்தாமணியை உள்ளே கூப்பிட்டு, ஏதாவது பேச வேண்டுமானால் இப்போது பேசிக்கொள்ளலாம் என்றார்கள். நான் யோசித்தேன். ஆயுளுக்கும் பேசியவன். அந்த நேரம் சொல்ல என்னிடம் இருந்ததெல்லாம் நையாண்டிதான். அவள் கையைப் பிடிக்கக்கூட என் விரல் மடங்கவில்லை.

அவளோ டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க. வெளிய நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தனுங்க. இவரு சிஸ்டர்கிட்ட ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுனாரு. உங்ககிட்ட ஒண்ணுங்க, ரெண்டுங்க, மூணுங்கன்னு எண்ணறாரு. பாதி மூச்சு மரியாதைக்கே போயிருச்சுங்க."

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார்.

"ஆமாங் சார்" என்றார் பிலோமினா. "எங்கிட்ட வெறும் எண்ணுதானுங்க சொன்னாரு."

டாக்டர் என் பக்கம் குனிந்தார். "எனக்கு மரியாதை வேண்டாம். ரெண்டு நிமிஷம் இளைப்பாறிட்டு, வெறுமன எண்ணுங்க."

பெரிய மனிதர் முகத்துக்கு நேரே மொட்டையாக "ஒண்ணு" என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது. கண்ணை மேலே டி.வி. பக்கம் ஓட்டினேன். அங்கே கோட்டுப் போட்ட ஒருவன் இருந்தான். அவனுக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. அவனைப் பார்த்து எண்ணினேன்.

பன்னிரண்டு.

டாக்டர் சிரிக்கவில்லை. "குறைஞ்சுதான் இருக்கு. ஆனா இன்னும் நேரம் இருக்கு. டிராலி இங்கயே இருக்கட்டும். எண்ணறப்ப நானே வரேன்" என்றார்.

அடுத்த மேளத்துக்குப் பதினொன்று. எந்நேரமும் குழாய் போட வேண்டியிருக்கும் என்று, டிராலி மேல் போட்டிருந்த பச்சைத் துணியைச் சிஸ்டர் எடுத்துவிட்டார். அதற்கும் அடுத்த மேளம். பதினொன்று. அதன் பிறகும் பதினொன்றுதான். டாக்டர் இரண்டு தடவை எண்ணச் சொல்லிக் கேட்டார். "பிளாட்டோ" என்றார் (நோய் ஏறாமலும் இறங்காமலும் ஒரே இடத்தில் நிற்கும் நிலை). அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அதுவரை அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

'ங்க'வை விட்டதால் பிழைத்தான் என்று சோமனூரில் கதை கட்டிவிட்டார்கள். அப்படி இல்லை. நோய் அங்கே நின்றது, அதனால் பிழைத்தேன். நிற்காமல் போயிருந்தால் குழாய்தான் காப்பாற்றியிருக்கும். எனக்குப் பிறகு அதே நோயோடு வந்த ஒரு லாரி டிரைவருக்குக் குழாய் போட்டார்கள். இன்று அவர் வண்டி ஓட்டுகிறார். உங்கள் ஆளுக்கு டாக்டர் குழாய் போடச் சொன்னால் போட விடுங்கள். பேச்சு பிறகு வரும். ஒன்று மட்டும் செய்யுங்கள்: உங்கள் ஆள் எப்படிப் பேசுவார் என்று பக்கத்தில் இருக்கும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

நோய் காலிலிருந்து தலைக்கு ஏறியது. இறங்கும்போது தலையிலிருந்து காலுக்குப் போனது. வந்தது பஸ்ஸில், போனது நடந்து. முதலில் இருமல் திரும்பியது. பிறகு தோள். விரலால் சோற்றைப் பிசைந்து உருட்டியபோது சாந்தாமணி ஊரைக் கூட்டினாள். கால் கட்டைவிரல்தான் கடைசி. ஒரு நாள் அதில் கொசு கடித்து அரித்தது. அடிக்க மனம் வரவில்லை. குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது மறுபடி வேலைக்குப் போகிறேன். மாடி ஏறுவதில்லை. கீழே நின்று ஒயரைப் பிடித்துக் கொடுக்கிறேன். பேச்சும் முன் மாதிரி இல்லை. நடுவில் நிறுத்தி, ஒரு மூச்சு எடுத்துக்கொண்டுதான் மீதியைச் சொல்வேன். அப்படி நிறுத்துவதைப் பார்த்துவிட்டு, "நோய் வந்தப்புறம் ஆளு யோசிச்சுப் பேசறாருங்க" என்கிறார்கள். இரண்டு பேர் பங்காளித் தகராறைத் தீர்த்துவைக்கச் சொல்லி வீட்டுக்கே வந்துவிட்டார்கள். உட்கார வைத்தேன். கேட்டேன். பேச வாய் திறந்து, நிறுத்தினேன். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்கள்.

நான் யோசிக்கவில்லை. காற்று உள்ளே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துகொண்டிருந்தது. அது முழுதாக வந்து சேரும் வரை, அவர்களும் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.