விஸ்வநத்தத்துத் திசு வாழையும் தங்கப்பாண்டி சாரும்

கடையில் யூரியா லோடு இறங்கிக்கொண்டிருந்தபோது, தோட்டக்கலை உதவி அலுவலர் தங்கப்பாண்டி சார் காலமாகிவிட்டார் என்று போன் வந்தது. முந்தின வாரம்தான், ஒரு விவசாயிக்குத் தேவையில்லாத டானிக்கை நான் தள்ளிவிட்டதற்காகச் சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தார். அவரால் என் உரக்கடைக்கு நட்டமே தவிர லாபம் கிடையாது. இருந்தும் ஷட்டரை இறக்கிவிட்டு அழுதேன்.

விவசாயிகளான உங்களில் பலர் அவர் வாயால் இதைக் கேட்டிருப்பீர்கள்: "வாழையில, தாய்மரத்தடியில முளைக்கிற பக்கக்கன்னு கிழங்கோட வருது, கட்டுச்சோறு கொண்டாந்த மாதிரி. லேப்புல வளர்த்த கன்னு வெறுங்கையோட வருது. நட்டதுல இருந்தே நாமதான் கொஞ்சங் கொஞ்சமா ஊட்டணும்." இந்தத் தெளிவு அவருக்கு வந்த கதையில் நானும் இருக்கிறேன்.

லேப்பில் வளர்த்த அந்தத் திசு வாழை எங்கள் பக்கம் புதிதாக வந்த வருஷம். விஸ்வநத்தம் முத்துமாரி, பட்டாசு கம்பெனி ஒன்றில் வெடிமருந்து கலக்கும் வேலை பார்த்தவர். அரை ஏக்கரில் திசு வாழை நட்டிருந்தார். அது தேறினால் அடுத்த சீசனுக்குக் கம்பெனிப் படி ஏறவேண்டாம் என்று இருந்தார். சாரோ பழைய பழக்கத்தில், பக்கக்கன்றுக்குச் சொல்வதைப்போல, மூன்றாம் மாதத்திலிருந்து உரம் வைத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். இரண்டாம் மாதமே கன்றுகள் வெளுத்து, வளராமல் நின்றுவிட்டன.

முத்துமாரி பதறிப்போய் என் கடைக்கு வந்தார். விட்டுப்போனதையும் சேர்த்து யூரியா, பொட்டாஷ் இரண்டையும் ஒரே தடவையாகத் தண்டை ஒட்டிப் போடச் சொன்னேன். அவர் தயங்கினார். மூட்டை போனால் சரி என்று, "சாரே சொன்னதுதான்" என்று ஒரு பொய்யைச் சேர்த்துவிட்டேன். நாலே நாளில் இலையோரம் கருகியது. வேர் வெந்துவிட்டது.

சார் வந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். நானும் நின்றேன். "நீங்க சொன்னீகன்னுதான் சார் போட்டேன்" என்றார் முத்துமாரி. சார் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு, "ஆமாம்மா, தப்பு என் மேலதான்" என்றார்.

தண்டடியில் கிடந்த உரத்தை அவரே வழித்தெடுத்து, தண்ணீர் பாய்ச்சச் சொன்னார். "மருந்து ரூம்ல அம்புட்டையும் ஒரே தடவையில எடுத்து வப்பீகளா? இதையும் அப்பிடித்தான் பிரிச்சுப் பிரிச்சுக் கொடுக்கணும்" என்றார். முத்துமாரிக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பாதி வாழை பிழைத்தது. ஆனால் பாதி வாழை போதாது. அவர் மறுபடியும் கம்பெனிக்குப் போனார். இன்னும் இரண்டு சீசன் போனார். அந்த இரண்டு வருஷமும் எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும், எந்தக் கம்பெனி என்று ஓடிப்போய் விசாரிப்பேன்.

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று பிற்பாடு கேட்டேன். "முதல் தப்பு என்னுது அண்ணாச்சி. நான் சரியாச் சொல்லியிருந்தா அவுக உங்க கடைக்கு ஏன் வாராக?" என்றார். என் பொய்யைப் பற்றி அவர் பேசவே இல்லை.

இத்தனை வருஷம் அவர் சுமந்த பழி இனி என்னிடம் இருக்கட்டும். முத்துமாரி, அன்றைக்கு அந்த உரத்தைப் போடச் சொன்னது சார் இல்லை. நான்தான்.